பந்து வராத பக்கம்

நான் ஒரு முன்னாள் தொழில்முறை விளையாட்டு வீரன். இதை நானாகச் சொல்லவில்லை, என்னுடைய விசிட்டிங் காட் சொல்கிறது. நான் ரொறன்ரோப் பக்கம், பிக்கரிங்கிலும் ஸ்காபரோவிலும் வீடு விற்றுப் பிழைக்கிறவன். அந்த அட்டையில் என் பெயருக்குக் கீழே, தொலைபேசி எண்ணுக்கு மேலே, அந்த வரி தடித்த எழுத்தில் இருக்கிறது. அதைப் போடவைத்தவர் அப்பா. வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் அட்டையைப் பார்ப்பார்கள், அடுத்ததாக என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதைக்காக என்ன விளையாட்டு என்று கேட்பார்கள். அமெரிக்கன் ஃபுட்போல் என்பேன். எத்தனை வருடம் விளையாடினீர்கள் என்று யாராவது கேட்டுவிட்டால், உடனே பேஸ்மென்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

வருடக் கணக்கெல்லாம் இல்லை. என் தொழில்முறை வாழ்க்கை ஒரே ஒரு ஆட்டம். அதிலும் கடைசிப் பகுதி மட்டும். ஒரு பானைச் சோறு வெந்து வடிக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்குள் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் ஆறு வருடமாக அப்பாவிடமிருந்து மறைத்துவந்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அந்தக் கணக்கில் நான் பெரிய கெட்டிக்காரன்தான்.

என் இடத்துக்குப் பெயர் கோர்னர்பேக். இந்த விளையாட்டில் ஒருவன் பந்தை எறிவான், தூரத்தில் இன்னொருவன் ஓடிப்போய்ப் பிடிப்பான். அப்படி ஓடுகிறவனோடு ஒட்டிக்கொண்டு ஓடி, அவன் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கோர்னர்பேக்கின் வேலை. அவன் எங்கே போகப்போகிறான் என்று அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவன் முன்னால் பார்த்து ஓடுவான், நீங்கள் பின்பக்கமாக ஓடவேண்டும். வேலையைச் சரியாகச் செய்தால் பந்து உங்கள் பக்கமே வராது, யாரும் உங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். பிழைவிட்டால் மட்டும் மைதானம் முழுக்கப் பார்க்கும்.

இதற்குள் நான் வந்து விழுந்தது ஸ்காபரோவின் மாநகர பஸ்ஸால். பள்ளிக்கூட நாட்களில் எனக்கும் எட்டரை மணி பஸ்ஸுக்கும் தினமும் ஓட்டப்போட்டி. எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் எல்லா மாடியிலும் நின்று இறங்கும், அதற்குள் பஸ் புறப்பட்டுவிடும். அடுத்த நிறுத்தம்வரை அதன் பக்கத்திலேயே ஓடி, கண்ணாடியில் தட்டித் தட்டி ஏறுவேன். ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்ற காருக்குள்ளிருந்து எங்கள் பூகோள ஆசிரியர் இதைப் பார்த்திருக்கிறார். அவர்தான் பள்ளிக்கூட ஃபுட்போல் அணிக்கும் பயிற்சியாளர். வகுப்புக்கு ஏன் பிந்தி வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. இதே வேகத்தில் பின்பக்கமாகவும் ஓடுவாயா என்று கேட்டார். அதுவரை ஒரு ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டதில்லை. ஓம் என்றேன்.

அம்மா ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உந்தக் கூட்டுக்குள்ள தலையைக் குடுத்திட்டுப் பிறகு சோதினை எப்பிடி எழுதுவாய்?" என்று கேட்டா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இதை விளையாடினால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமாம் என்று நான் சொன்ன பிறகு அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் பாம்புகூட வளர்க்கலாம்.

அப்படியே இடமும் கிடைத்தது, ரொறன்ரோவிலிருந்து மூன்று மணிநேரக் கார் ஓட்டத் தூரத்தில். நான்கு வருடத்தில் அப்பா ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வந்தார். அவர் அப்போது ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்தார், சனிக்கிழமையில் லீவு எடுப்பது லேசில்லை. சோற்றுப் பார்சலும், யாரிடமோ இரவல் வாங்கிய வீடியோ கமராவுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு நான் என் வாழ்க்கையிலேயே நன்றாக விளையாடிய நாள். எதிரணியின் மிகச் சிறந்த ஓட்டக்காரனை என்னிடம் விட்டிருந்தார்கள். நான் அவனை மூச்சுவிட விடவில்லை. அவன் பக்கம் எறிந்து பயனில்லை என்று இரண்டாம் பாதியில் அவர்கள் அந்தப் பக்கத்தையே மறந்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் எல்லார் முன்னிலையிலும் என் முதுகில் தட்டினார்.

திரும்பி வரும்போது நான் காரின் முன் சீட்டில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு புகழுக்காகக் காத்திருந்தேன். அப்பா கனதூரம் பேசாமல் ஓட்டினார்.

"தம்பி, நீ பந்தைத் தொடவே இல்லையே."

"தொடாட்டித்தான் நல்லது அப்பா. பந்து என்ரை பக்கம் வரேல்லையெண்டால் நான் வேலையைச் சரியாச் செய்திருக்கிறன் எண்டு அர்த்தம்."

அவர் நெடுஞ்சாலையில் இன்னும் இரண்டு எக்ஸிட் தாண்டும்வரை யோசித்தார்.

"அப்ப ஒண்டும் நடக்காததுக்குத்தான் அந்தாள் உனக்கு முதுகில தட்டினவர்?"

"ஓம்."

"நல்ல வேலை," என்றார். பகிடியா, பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு மணிநேரத்துக்கும் மேல். அப்பா பந்து போன பக்கமெல்லாம் கமராவைத் திருப்பியிருந்தார். அதனால் அதில் நான் இல்லை. ஒரே ஒரு இடத்தில் ஒரு முழங்கை வந்துபோனது. அது உன்னுடையதுதான் என்று அம்மா சொன்னா. நான் ஒத்துக்கொண்டேன்.

படிப்பு முடிந்த வருடம் தொழில்முறை அணிகள் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்களைத் தெரிவுசெய்கிற நாள் வந்தது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் லப்டொப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சுற்றாகப் பெயர்கள் போயின. வடை முடிந்தது, கேசரி முடிந்தது, பாதிப் பேர் எழுந்து போனார்கள். கடைசிச் சுற்றில், கடைசிக்குச் சற்று முன்னால், ஒருவர் என் பெயரைக் கடித்துக் குதறி வாசித்தார். அப்பாவுக்கு அது விளங்கவில்லை. என் படத்தைக் கண்ட பிறகுதான் எழுந்து நின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. புதுக் கார் வாங்கினால் சாவியை அர்ச்சனைத் தட்டில் வைக்கிறோம், புது வீடு வாங்கினால் பத்திரத்தை வைக்கிறோம். ஃபுட்போலுக்கு எதை வைப்பது? காலில் போடுகிற சப்பாத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது. ஹெல்மெட் தட்டுக்குள் அடங்காது. கடைசியில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே என் கையுறைகள் இரண்டையும் வைத்தா. ஐயர் தட்டைப் பார்த்து, "இது என்ன தங்கச்சி, குளிருக்குப் போடுறதோ?" என்று கேட்டுவிட்டு, என் நட்சத்திரத்தைச் சொல்லி, இரண்டு கையுறைக்கும் திருநீறு பூசிக் குங்குமம் வைத்தார். பயிற்சி முகாமின் முதல் நாளே அணியின் வைத்தியர் ஓடிவந்து என் விரல்களை விரித்து விரித்துப் பார்த்தார். இரத்தமென்று நினைத்துவிட்டார். அந்த முகாமில் என்னைக் கவனித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அணி மேற்கே, சமவெளியில் ஒரு நகரத்தில். அங்கே என்னைப் பயிற்சிக் குழுவில் போட்டார்கள். அணியில் இருக்கலாம், ஆனால் ஆட்டத்தில் இறங்கமுடியாது. அடுத்த கிழமை எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணியின் கோர்னர்பேக்கைப் போல நான் நடிக்கவேண்டும். அவனுடைய எண்ணைப் போட்டுக்கொண்டு, அவன் விடுகிற பிழைகளையெல்லாம் நானும் விடவேண்டும். அதில் நான் திறமைசாலி என்று சொன்னார்கள். வீட்டுக்கு இதையெல்லாம் விளக்கவில்லை. "டீமிலதான் இருக்கிறன்" என்றேன். பொய் இல்லை. அம்மா ஒவ்வொரு கிழமையும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து என்னைத் தேடினா. "கரையில நிண்டு கையாட்டினது நீதானே?" என்று கேட்பா. அது தண்ணீர்ப் போத்தல் கொடுக்கிறவர். ஓம் அம்மா என்பேன்.

செப்டம்பர் மாதத்தில் ஒரு ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கோர்னர்பேக்குக்குத் தொடையில் பிடிப்பு, இன்னொருவனுக்கு வயிற்றுப்போக்கு. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவன் மிச்சமிருக்கிற செருப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உடனே வீட்டுக்குப் போன் அடித்துச் சொன்னேன். கடைசிப் பகுதியில் என்னை இறக்கினார்கள்.

முதல் ஆறு தடவையும் பந்து என் பக்கம் வரவில்லை. ஆகா, எனக்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உண்மையில் அவர்கள் என்னை இன்னும் கவனிக்கவில்லை. ஏழாவது தடவை கவனித்தார்கள். எனக்கு முன்னால் ஓடி வந்தவன் தோளை உள்பக்கமாக ஒரு சாய்ப்புச் சாய்த்தான். நான் நம்பினேன். சின்ன வயதிலிருந்தே நான் யார் என்ன சொன்னாலும் நம்புகிறவன். நான் உள்ளே ஒரு அடி வைக்க, அவன் வெளியே போய்விட்டான். மேலே பார்த்தால் பந்து வந்துகொண்டிருந்தது. அறுபது யார் தூரம் அவனுக்குப் பின்னால் ஓடினேன். எட்டரை மணி பஸ்ஸைக்கூட நான் அப்படித் துரத்தியதில்லை. கடைசியில் அவன் காலைப் பார்த்துப் பாய்ந்தேன். காலும் கிடைக்கவில்லை. அவன் கோட்டைத் தாண்டி, டச்டவுன் புள்ளியும் எடுத்து, ஆடிக்கொண்டிருந்தான். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லவும் வழியில்லை, ஹெல்மெட் கம்பிக்குள் செயற்கைப் புல்லின் கறுப்பு றப்பர்த் துகள் நிறைந்திருந்தது.

உடை மாற்றுகிற அறையில் போன் அடித்தது. அப்பா.

"தம்பி, உன்னை ரீவியில காட்டினவங்கள். மூண்டு தரம் திருப்பித் திருப்பிக் காட்டினவங்கள்."

மூன்று தரம் காட்டியது ஏன் என்று இவருக்குச் சொல்லவேண்டும். ஒருவன் மூன்று தரம் ஓடித் தப்புவதைக் காட்டினார்கள் அப்பா, தப்பவிட்டவன் நான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"எப்பிடி, நல்லாத்தானே விளையாடினனீ?"

"ஓம் அப்பா. நல்லாத்தான்."

"அப்ப சரி. சாப்பிடு."

மூன்றாம் நாள் காலையில் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள், எனக்குத் தந்திருந்த ரப்லெட் கணினியையும் கொண்டுவரச் சொன்னார்கள். அணியின் திட்டங்களெல்லாம் அந்த ரப்லெட்டுக்குள்தான் இருக்கும். அதைக் கொண்டுவரச் சொன்னால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து முழங்கால் காயம் என்றேன். அம்மா ஆறு மாதம் எண்ணெய் பூசினா. எந்த முழங்கால் என்று எனக்கே இடையிடையே மறந்துபோகும். கோயில் படியில் ஒருநாள் வலதுகாலால் நொண்டி ஏறி, இடதுகாலால் நொண்டி இறங்கினேன். முருகன் ஒருவர்தான் கவனித்திருப்பார்.

முழங்கால் ஆறிவிட்டது. ஆறாதது ஒரு வீடியோ. அன்றைக்கு அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று, அந்த ஓட்டத்தைத் தன் போனில் பிடித்துவைத்திருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பிறந்தநாள் வீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, செத்தவீட்டு எட்டாம் நாள் செலவு என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போனை எடுப்பார். "இவன்தான். எப்பிடி ஓடுறான் பாருங்கோ." சத்தத்தை எப்போதும் அமத்தியே வைத்திருப்பார். அம்மாவின் பிரஷர் குக்கர் அதில் விசில் அடித்திருக்கும், அதற்காக என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நேரங்களில் எழுந்து போய்க் கை கழுவுவேன். ரொறன்ரோவில் என்னைப்போலக் கை சுத்தமான ஆள் இருந்திருக்கமாட்டான். இவ்வளவு காலமும் தான் தூக்கிக்கொண்டு திரிந்தது தன் பிள்ளையின் தோல்வியை என்று ஒருநாள் இந்த மனிதருக்குத் தெரியவந்தால் எப்படி இருக்கும்?

போன வருடம் எனக்குக் கலியாணம் நடந்தது. வரவேற்பு ஸ்காபரோவின் வடக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், நானூறு பேர். எங்கள் ஆட்களின் மண்டபத்தில் மணமக்களின் கதையைப் பெரிய திரையில் போடாமல் சாப்பாடு போடமாட்டார்கள். அதைத் தயாரிக்கிற வீடியோ அண்ணையிடம் அப்பா எனக்குத் தெரியாமல் தன் போனைக் கொடுத்திருக்கிறார்.

முதலில் நான் தொட்டிலில். பிறகு நான் பல் இல்லாமல். திடீரென்று பச்சை மைதானம். மேடையில் சோடனைக் கதிரையில் உட்கார்ந்திருந்த எனக்குக் குளிர்ந்துபோனது. மண்டபத்தின் நடுவே பல்கலைக்கழகத்தில் என்னோடு விளையாடிய ஆறு பேர், வாடகைக் குர்தாவை மூச்சுப் பிடித்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நானூறு பேரில் விளையாட்டு விளங்கியவர்கள் அவர்கள்தான்.

வீடியோ அண்ணை ஒரு குறையும் வைக்கவில்லை. சினிமாப் பாட்டைப் போட்டு, ஸ்லோ மோஷனில் விட்டு, மேலிருந்து ரோசாப்பூ இதழ்களைக் கொட்டவிட்டிருந்தார். முன்னால் ஓடியவனைச் சுற்றி ஒரு இதயம் துடித்தது. அவன் மெல்ல மெல்லக் கோட்டைத் தாண்ட, நான் மெல்ல மெல்ல வந்து முகம்குப்புற விழுந்தேன். தொலைக்காட்சிக்காரரைப் போலவே அவரும் மூன்று தரம் காட்டினார். என் கலியாண வீடியோவில் எனக்கு அடுத்தபடியாக அதிக நேரம் வருகிற ஆண் அவன்தான்.

என் மனைவி இங்கே பிறந்து வளர்ந்தவள். சிரித்த முகம் மாறாமல் என் பக்கம் சாய்ந்து கேட்டாள். "வெயிட், உது அவன்ரை டச்டவுன் எல்லோ?"

"ஓம்."

"ஓ மை கோட். மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பேசாமல் சிரி."

என் நண்பர்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்தினான். பிறகு அவன் எழுந்து நின்று கைதட்டினான், மற்ற ஐந்து பேரும் எழுந்தார்கள். ஆறு மலைகள் எழும்பினால் மண்டபமும் எழும்பத்தானே வேண்டும். முன்வரிசையில் அப்பா கைகூப்பிக்கொண்டு நின்றார்.

வாழ்த்த வந்த வரிசையில் அப்பாவின் பழைய வேலைத்தள நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "தம்பி, முன்னுக்கு ஓடினது நீர்தானே?"

"இல்லை அங்கிள். பின்னுக்கு ஓடினது."

"அப்ப முன்னுக்கு ஓடினது ஆர்?"

"மற்ற டீம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவரை ஏன் விட்டனீர்?"

ஆறு வருடத்தில் இதை நேரடியாகக் கேட்ட முதல் ஆள். அப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா அவர் தோளில் கையைப் போட்டார். "அண்ணை, சாப்பிட்டீங்களே? கொத்துரொட்டி முடியப்போகுது, வாங்கோ." கூட்டிக்கொண்டு போயும் விட்டார். விருந்தாளியைக் கவனிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு கிழமை கழித்து வீடியோ அண்ணை எல்லாவற்றையும் ஒரு யுஎஸ்பியில் போட்டுத் தந்தார், நாங்கள் கொடுத்த பழைய வீடியோத் துண்டுகளும் அதில் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வீட்டில் அதைத் தொலைக்காட்சியில் செருகினேன். அம்மா குசினியில் நின்றா, அப்பா கராஜில். அந்தத் துண்டு வந்தது. சத்தத்தோடு வந்தது. அதைச் சத்தத்தோடு நான் கேட்டதே இல்லை.

அம்மாவின் குரல். "உவன்தான், கரையில நிக்கிறது எங்கட பிள்ளை."

அப்பாவின் குரல், போனுக்குக் கிட்ட. "பேசாமல் இரு. பின்னுக்குப் போ தம்பி, பின்னுக்குப் போ. உள்ளுக்குப் பாக்காதை. ஐயோ, உள்ளுக்குப் பாக்காதையடா."

குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியபோது நான் திரையில் விழுந்து கிடந்தேன்.

"என்னப்பா, எங்கட ஆக்களுக்கே புள்ளி?"

"இல்லை. அவங்களுக்கு."

மறுபடியும் அம்மாவின் குரல்.

"பிள்ளைக்குப் பேச்சு விழுமோ?"

"நான் எடுத்துக் கதைக்கிறன்."

அத்தோடு முடிந்துவிட்டது. நான் றிமோட்டைப் பிடித்தபடி இருந்தேன். உள்ளே பார்த்ததுதான் என் பிழை என்று என் பயிற்சியாளர் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே, ஸ்காபரோவில் சாரம் கட்டிக்கொண்டு நின்ற ஒரு பேக்கரித் தொழிலாளி கண்டுபிடித்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் போன் எடுத்து, நல்லாத்தானே என்று என்னைக் கேட்டிருக்கிறார். வெட்கம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை.

அப்பா மடக்குக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நின்றுபோயிருந்த திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்பா, அது நான் விட்டது எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே ஊரெல்லாம் காட்டினீங்களோ?"

அவர் கதிரையை விரித்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பந்து வராட்டித்தான் நல்லா விளையாடினது எண்டு நீதானே சொன்னனீ. நீ நல்லா விளையாடின ஒண்டிலையும் கமரா உன்ரை பக்கம் திரும்பேல்லை. நான் பிடிச்சதிலையும் இல்லை. உதிலை மட்டும்தான் நீ இருக்கிறாய்."

அவர் என் கையிலிருந்த றிமோட்டை வாங்கி, முதலிலிருந்து திரும்பப் போட்டார். சத்தத்தை அமத்தவில்லை.